முப்பத்து நான்கு வயதில் மிஸ்ஸி படிப்பு: ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண் தனியொருவர் அல்ல. இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து முப்பது வயதுக்குப் பிறகு மிஸ்ஸி படிப்பை, அதாவது தாதியர் படிப்பைத் தேடிப் போகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப நேர்வதை, ஒரே ஆளின் கணக்காகக் கோத்துப் பார்த்திருக்கிறோம். சட்டம், பரீட்சை, நாட்கூலி பற்றிய எண்கள் மட்டும் உள்ளது உள்ளபடியே.

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்குகிறது. வயது 34. தோட்டத்தில் பேர் பதிந்து 12 வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதத்துக்கு ஒரு தடவைதான் வீடு. பிள்ளைகள் இரண்டு பேர், 11 வயதும் 7 வயதும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், மாமியாரும் கூட. 2006இல் பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரணதரப் பரீட்சை எழுதினார்: ஐந்து பாடம் சித்தி, கணிதம் இல்லை. பாரிசவாதம் வந்து படுத்த மாமனாரை எட்டு மாதம் புண் வராமல் பார்த்துக்கொண்டவர். “இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டிப் போடு” என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் சொன்னதை இரவிலும் அலாரம் வைத்துச் செய்தவர். ஆசை அங்கிருந்து வந்தது.

முதலில் கட்டிய காசு

டவுனில் கடைக்கு மேல்மாடியில் ஒரு வகுப்பு. “ஆறு மாதத்தில் நேர்ஸ்” என்று பலகை. முற்பணமாக 20,000 ரூபா கட்டினார், வெள்ளை உடுப்பும் தைத்தாயிற்று. இரண்டு மாதம் கழித்து, முடிவில் என்ன சான்றிதழ் வரும் என்று கேட்டபோது, “நாங்கள் அரசாங்கத்தில் பதிந்த நிறுவனம்” என்பதுதான் பதில்.

அந்தப் பதில் பொய் இல்லை, அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவுபெறுவது ஒன்று. அங்கு நடக்கும் குறிப்பிட்ட கற்கைநெறி தரச்சான்று பெறுவது வேறொன்று. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ், ஊரில் சொல்வதுபோல என்.வீ.கியூ, வகுப்பு வழியாக வருவதானால் இரண்டாவது இருந்தால்தான் கிடைக்கும். பலகையில் பதிவிலக்கம் இருக்கும், தரச்சான்று இருக்காது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இந்தக் கோர்ஸுக்கு, இந்த மட்டத்துக்கு, தரச்சான்று இலக்கம் என்ன, எப்போது காலாவதி?” இலக்கத்தை வாங்கி, காசு கட்டுமுன் ஆணைக்குழுவிடம் சரிபார்க்க வேண்டும். இந்தப் பெண் கட்டிய பிறகு சரிபார்த்தார். 20,000 திரும்பவில்லை. பற்றுச்சீட்டில் “திருப்பித் தரப்படமாட்டாது” என்று சிங்களத்தில் அச்சடித்திருந்தது.

எந்தக் கதவு எங்கே போகிறது

மிஸ்ஸி என்று ஊர் சொல்லும் ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு தொழில்கள் கிடக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் ஆரம்பிப்பதால்தான் வருடங்கள் வீணாகின்றன.

பதிவுபெற்ற தாதி என்பவர் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் சபையில் பெயர் பதிந்தவர். அதற்கு அரசாங்கத் தாதியர் கல்லூரியின் மூன்று வருட டிப்ளோமாவோ, பல்கலைக்கழகத் தாதியியல் பட்டமோ, சபை ஏற்றுக்கொண்ட வேறு பயிற்சியோ வேண்டும். மலையகத்துக்குக் கிட்டிய கல்லூரிகள் கண்டியிலும் பதுளையிலும் இருக்கின்றன. உயர்தரத்தில் வழக்கமாக விஞ்ஞானப் பிரிவுச் சித்தி கேட்பார்கள். வயதெல்லை வர்த்தமானியில் அச்சாகும். 34 வயதுக்காரர் அதற்குள் வரமாட்டார். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். “முயற்சி பண்ணிப் பாருங்க” என்று அனுப்பிவைக்கும் நல்ல மனசு, ஒருவருடைய இரண்டு வருடத்தைத் தின்றுவிடும்.

பேராதனை போன்ற இடங்களின் பட்டத்துக்கு உயர்தர உயிரியல் பிரிவில் போதிய இசட் புள்ளி (பல்கலைக்கழகத்துக்கு ஆள் தெரியும் தரப்புள்ளி) வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டம் 1994இல் தொடங்கியபோதே ஏற்கெனவே வேலையிலிருக்கும் தாதிமாரை மனதில் வைத்தது. தனியார் பட்டப்படிப்புகளுக்குக் கட்டணம் இலட்சக்கணக்கில் போகும். தாதியர் சபை அதை ஏற்கிறதா என்பதை நிறுவனத்திடம் அல்ல, சபையிடமே எழுத்தில் கேட்பது நல்லது.

இரண்டாவது, தனியார் வைத்தியசாலைகள் தாங்களே எடுத்துப் பயிற்றும் ஆட்கள். அந்தப் பயிற்சிக்கு அந்த வாசலுக்குள் மதிப்புண்டு. வாசலைத் தாண்டினால் எவ்வளவு என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சிக்குப் பிறகு இத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தமும் அதை முறித்தால் கட்ட வேண்டிய தொகையும் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

மூன்றாவது, பராமரிப்பாளர்: கெயார்கிவர். தேசிய தொழிற் தகைமையில் மட்டங்கள் ஏழு. ஒன்றிலிருந்து நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பராமரிப்பாளர் படிப்பு மூன்றாம் நான்காம் மட்டங்களில் வருகிறது. வயது தடையாவதில்லை. ஆனால் இந்தச் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் தாதியர் சபையின் பதிவேட்டில் பெயர் ஏறாது. முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு, வெளிநாட்டு வேலை ஆகியவற்றுக்கு இதுவே நேர்வழி. ஜப்பான் கனவு காண்பவருக்குச் சான்றிதழோடு ஜப்பானிய மொழிப் பரீட்சையும் பராமரிப்புத் தொழிலுக்கான பரீட்சையும் உண்டு. ஏஜென்ஸிக்காரர் அதைப் பிறகுதான் சொல்வார்.

இந்தப் பெண் மூன்றாவதைத் தெரிவுசெய்தார். நான்காம் மட்டம்வரை போவதற்கும் நாளைக்கு வேறு கதவைத் தட்டுவதற்கும் சாதாரணதரக் கணிதம் உதவும் என்பதால் அதையும் எழுதுவது என்று முடிவு.

பெயரில் ஓர் எழுத்து

பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில். அடையாள அட்டையில் தமிழும் சிங்களமும். சாதாரணதரப் பெறுபேற்றில் ஆங்கிலம். மூன்றிலும் தகப்பன் பெயர் மூன்று விதம்: ஒன்றில் “ராமசாமி”, ஒன்றில் “ராமசாமிப்பிள்ளை”, ஒன்றில் “ரமஸாமி”. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது அபூர்வம் இல்லை; கிளார்க் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான்.

ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி கொடுத்தால் பல இடங்களில் போதும். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் போதாது. பிறப்புப் பதிவையே திருத்த வேண்டும், அது பிரதேச செயலகத்தில் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே வகுப்பில் சேரும் வாரமே திருத்தத்துக்கும் விண்ணப்பம் போட வேண்டும். பலர் சான்றிதழ் வந்த பிறகு தொடங்கி, சான்றிதழையே பழைய எழுத்துப் பிழையோடு வாங்கி, பின்னர் இரண்டையும் திருத்த அலைகிறார்கள்.

கணிதம்

சாதாரணதரத்தை வெளிவாரி விண்ணப்பதாரியாக எழுத வயதெல்லை இல்லை, ஒரே ஒரு பாடத்துக்கும் இருக்கலாம். 2024ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது. விண்ணப்பம் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். பரீட்சை வருகிறது என்று ரேடியோவில் கேட்டுவிட்டு ஓடினால் அடுத்த வருடம்தான்.

எஸ் என்ற ஆகக் குறைந்த சித்திக்கு 35 புள்ளி. முதலாம் பத்திரம் இரண்டு மணித்தியாலம்: ஏ பகுதியில் இரண்டு புள்ளி வீதம் 25 குறுவினாக்கள், பீ பகுதியில் பத்துப் புள்ளி வீதம் ஐந்து. இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம், பத்து வினா எழுத வேண்டும். மொத்தம் 200, அதைப் பாதியாக்குவார்கள். அப்படியானால் தேவை 70. ஏ பகுதியில் 15 வினா சரியென்றால் 30 வந்துவிட்டது. மிச்சம் 40க்குப் பின்னம், சதவீதமும் வரியும், தொடையும் நிகழ்தகவும், வட்ட வரைபும் இடையும், இருபடிச் சார்பின் வரைபு ஆகியன போதும். கேத்திரகணித நிறுவலை விட்டுவிடலாம். பாடசாலைப் பிள்ளைக்கு இந்த யோசனையைச் சொல்ல மாட்டோம். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு இரவு எட்டுக்கு உட்காரும் ஒருவருக்குச் சொல்வோம்.

படித்தது பதினொரு வயது மகளின் ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து. தசமத்தில் விழுந்த ஓட்டை அங்கேதான் தெரிந்தது: 0.5ஐயும் 0.05ஐயும் வாயால் சரியாகச் சொல்வார், எது பெரிது என்றால் தயங்குவார். கணித வகுப்பில் அந்தத் தயக்கத்துக்கு இரண்டு புள்ளி போகும். வார்டில் அது பத்து மடங்கு மருந்து.

மருந்துக் கணக்கு என்பது ஒரே ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும்: வேண்டிய அளவை, கையிலிருப்பதன் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் கனவளவால் பெருக்க வேண்டும். பரசிட்டமோல் பாணி 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு டொக்டர் எழுதியது 180 மில்லிகிராம். 180ஐ 120ஆல் வகுத்தால் 1.5, ஐந்தால் பெருக்கினால் 7.5 மில்லிலீற்றர். இதில் வழக்கமான பிழை கணக்கில் வருவதில்லை, கரண்டியில் வருகிறது. வீட்டுத் தேக்கரண்டி ஒன்றுபோல் ஒன்று இராது. ஊசியில்லாத சிரிஞ்சினால் அளக்க வேண்டும்.

சேலைன் துளிக்கணக்கு: கனவளவைக் குழாய்ச் செட்டின் துளி எண்ணால் பெருக்கி நிமிடங்களால் வகுப்பது. மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் செட்டில் 1000 மில்லிலீற்றரை எட்டு மணித்தியாலத்தில் ஏற்ற, 20,000ஐ 480ஆல் வகுத்தால் 41.7, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. பிழை விடுபவர்கள் எட்டு மணித்தியாலத்தை நிமிடமாக்க மறப்பார்கள், அல்லது 60 துளிச் சிறுசெட்டை 20 என்று எடுப்பார்கள். செட்டின் உறையில் எண் அச்சிட்டிருக்கும். உறையை எறியுமுன் வாசிக்க வேண்டும்.

இன்சுலினைப் பற்றி ஒன்று. நூறு அலகு இன்சுலின் ஒரு மில்லிலீற்றர். பத்து அலகு என்றால் 0.1 மில்லிலீற்றர், 1 அல்ல. அலகுக் கோடிட்ட சிரிஞ்ச் இல்லையென்று சாதாரண சிரிஞ்சில் எடுக்கக் கூடாது, கணக்குச் சரியாக வந்தாலும்கூட. பராமரிப்பாளரின் வேலையில் ஊசி போடுவது இல்லைதான். ஆனால் நோயாளி தானே போட்டுக்கொள்ளும்போது பக்கத்தில் நிற்பவர் அவர்.

2025 ஜூலையில் பெறுபேறு: கணிதம் எஸ்.

பேரை வெட்டும் நாள்

முழுநேர வகுப்பும் களப்பயிற்சியும் சேர்த்து ஆறு மாதம். (நிலையத்துக்கு நிலையம் இது மாறும்.) இந்த ஆறு மாதத்தைத் தாங்கும் காசு எங்கிருந்து என்பதே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா ஆனது. அந்தக் கூலியில் மாதம் 22 பேர் (ஒரு பேர் என்பது ஒரு நாள் வேலை) என்று வைத்தால் 29,700. ஆறு மாதத்துக்கு 1,78,200 ரூபா இழப்பு. எதிர்ப்பக்கத்தில் பணிக்கொடை, வேலையை விடும்போது கிடைக்கும் தொகை: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் கூலி. தொடக்கத்தில் இருந்த பன்னிரண்டு வருடத்தை மட்டும் எடுத்தாலே, 14 நாள், 1,350 ரூபா: 2,26,800. கழித்தால் 48,600 மிஞ்சுகிறது. பஸ், சப்பாத்து, தடுப்பூசி, கட்டணம் எல்லாம் அதற்குள்.

கடதாசியில் சரியாக வரும் இந்தக் கணக்கு, நாட்காட்டியில் பிழையாகிறது. வேலை முடிந்து 30 நாளுக்குள் பணிக்கொடையைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுபடும். திங்கட்கிழமை விலகி மறு திங்கள் வகுப்புக்குப் போனால், முதல் சில மாதம் கையில் ஒன்றும் இராது. கூப்பன் கடைக் கடனும் நகை அடகும் அப்போதுதான் வருகின்றன. வகுப்புத் தொடங்க இரண்டு மாதத்துக்கு முன்னரே விலகல் கடிதத்தைக் கொடுத்து, அந்த இரண்டு மாதமும் வேறு கைவேலை பார்ப்பது நல்லது. ஆனால் அனுமதிக் கடிதம் கையில் வருமுன் விலகக் கூடாது.

கடிதம் என்றால் கடிதமேதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராமல் நின்றுவிட்டால், தானாக வேலையை விட்டுப் போனதாகப் பேரை வெட்டுவார்கள். பணிக்கொடை உரிமை அதனால் அழிந்துவிடாது, ஆனால் தொழில் அலுவலகத்துக்கு ஏறி இறங்கி வாதாட வேண்டிவரும். கடிதத்தின் பிரதியில் தோட்டக் காரியாலய முத்திரையும் திகதியும் வாங்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் பொதுவாக 50 வயதில்தான் எடுக்கலாம், அதைப் படிப்புச் செலவில் சேர்த்துக் கணக்குப் போடக் கூடாது. ஊழியர் நம்பிக்கை நிதியை வேலையை விட்டதும் கோரலாம். அடுத்த தடவைக்கு ஐந்து வருடம் பொறுக்க வேண்டும்.

லயத்து அறைதான் கடைசி முடிச்சு. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால் யாரும் கேட்பதில்லை. இந்தக் குடும்பத்தில் மாமியார் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர், கணவர் வெளியில். கொழுந்தனார் அதே தோட்டத்தில் மலை வேலை செய்தார்; விலகுமுன் அந்த அறையில் அவர் பெயரையும் சேர்க்கும்படி காரியாலயத்தில் கடிதம் கொடுத்தார்கள். கொழுந்தனார் இல்லாதவர்கள் இந்த இடத்திலேயே திரும்பிப் போகிறார்கள். படிப்பில் தோற்றவர்களாக அவர்களை எண்ணிவிடுகிறார்கள், அது சரியில்லை.

கை, முதுகு, நேரம்

முதல் வாரம் பயிற்றுநர் நகத்தைப் பார்த்து “கழுவிக்கொண்டு வாங்க” என்றார். கழுவினால் போகாது. கொழுந்துச் சாறு தோலில் ஏறிய கறை அது, தோல் உரிந்து புதுப்பிக்கும் சில வாரங்களில் தானாக மறையும். கறையை விடக் கவலைப்பட வேண்டியது வெடிப்பு. வெடித்த விரலில் அற்ககோல் திரவம் எரியும், எரிந்தால் கை சுத்தம் தானாகக் குறையும். இரவில் தேங்காயெண்ணெயோ வசிலீனோ தடவி, வகுப்புக்கு முன் ஒரு மாதமாவது கையை ஆற்றிக்கொள்ள வேண்டும். சவர்க்காரத்தில் கழுவ 40 முதல் 60 விநாடி, திரவத்தில் 20 முதல் 30.

ஈரல் அழற்சி பீ தடுப்பூசி மூன்று: தொடக்கத்தில், ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில். களப்பயிற்சிக்கு முந்திய வாரம் போய்க் கேட்டால் ஒரு ஊசிதான் ஏறியிருக்கும். கணிதத்துக்கு விண்ணப்பிக்கும்போதே முதல் ஊசியைப் போட்டிருக்கலாம்.

கூடையைத் தலைப்பட்டியில் மாட்டி மலையேறிய உடம்புக்குப் பாரம் புதிதல்ல என்று எல்லோரும் நினைப்பார்கள். அந்தப் பழக்கமே கெடுக்கிறது. கழுத்தும் முதுகும் வாங்கிப் பழகியதால் முழங்காலை மடிக்காமல் குனிந்து தூக்குகிறார்கள். நோயாளி கூடை அல்ல, நடுவில் அசைவார். ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடித்து, அவரை உடம்போடு நெருக்கிப் பிடித்து, எண்ணிச் சொல்லி எழுப்ப வேண்டும்.

மயக்கம் என்ற சொல்

களப்பயிற்சி கண்டியில், முதியோர் இல்லமொன்றில். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். ஜூன், ஜூலையில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் எவ்வளவென்று சொல்ல முடியாது. தங்கித்தான் ஆக வேண்டும்.

அங்கே வேலை மாறும்போது ஒப்படைப்பது சிங்களத்தில், எழுதுவது ஆங்கிலச் சுருக்கத்தில், தமிழ் நோயாளி பேசுவது தமிழில். கடைச் சிங்களம் இவருக்குத் தெரியும்: விலை கேட்பார், பஸ் நிறுத்துவார். வார்டுச் சிங்களம் வேறு. “ரிதெனவா” வலிக்கிறது, “ஹுஸ்ம” மூச்சு, “பெஹெத்” மருந்து, “லே” இரத்தம் என்று நூறு சொல் போதும், ஒரு மாதத்தில் வந்துவிடும். சிக்கல் சொல்லில் இல்லை, ஒரு சொல் இரண்டாகப் பிரியும் இடத்தில்.

தமிழ் அம்மா ஒருவர் “மயக்கமா வருது” என்கிறார். தலை சுற்றுவதையும் அப்படித்தான் சொல்வோம், நினைவு தப்பப் போவதையும் அப்படித்தான் சொல்வோம். சிங்களத்தில் முன்னது “கெரகில்ல”, பின்னது “சிஹி நெத்தி வெனவா”. பயிற்சிக்கு வந்தவர் “கெரகில்ல” என்று சொல்லிவிட்டால், மிஸ்ஸி பிரஷர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். சீனி வருத்தக்காரராக இருந்தால் இரத்தச் சீனியையும் உடனே பார்த்திருக்க வேண்டும். அதேபோல “நெஞ்சு கரிக்குது” என்பதும் “நெஞ்சு அடைக்குது” என்பதும். இரண்டையும் “பபுவே அமாருவக்” என்று ஒரே மாதிரி மொழிபெயர்த்தால், புளியேப்பமும் மாரடைப்பும் ஒரே வரிசையில் நிற்கும். வழி: மொழிபெயர்க்குமுன் தமிழிலேயே இரண்டாவது கேள்வி. “சுத்துதா, கண்ணு இருட்டுதா? கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? வலி கைக்குப் போகுதாம்மா?” தமிழ் தெரிந்த பராமரிப்பாளர் ஒருவர் வார்டுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய உதவி இது, பாடத்திட்டத்தில் இதற்கு அலகு இல்லை.

மதிப்பீடு

தேசிய தொழிற் தகைமையில் புள்ளி கிடையாது. ஒவ்வோர் அலகிலும் “தேர்ச்சி” அல்லது “இன்னும் தேர்ச்சி பெறவில்லை” என்று மட்டும். வகுப்பில் செய்த வேலைகளின் கோப்பும் பார்ப்பார்கள், செய்துகாட்டவும் சொல்வார்கள். கோப்பில் திகதியும் பொறுப்பாளர் கையொப்பமும் இல்லாத பக்கம் இல்லாததற்குச் சமம். களப்பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்துக் கையொப்பம் தேடிப் போனால் அந்தப் பொறுப்பாளர் வேறு இடத்துக்கு மாறியிருப்பார்.

இந்தப் பெண்ணுக்குப் படுக்கைக் குளிப்பாட்டல், புரட்டிப் போடல், உணவூட்டல் எல்லாம் தேர்ச்சி. மாமனாரிடம் கற்றது கையில் இருந்தது. ஒன்றில் மட்டும் தவறினார்: கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பிரேக்கைப் பூட்டவில்லை. வீட்டில் அவர் சக்கர நாற்காலியைக் கண்டதே இல்லை. மாமனாரைப் பிளாஸ்டிக் கதிரையில்தான் உட்கார வைப்பார்.

தவறிய அலகை மட்டும் மறுபடி செய்துகாட்டலாம். அடுத்த மதிப்பீட்டுக்கு ஐந்து வாரம் இருந்தது. லயத்தில் அதே பிளாஸ்டிக் கதிரை, மகள் நோயாளி. சக்கரம் இல்லாத கதிரையின் இரண்டு பக்கமும் குனிந்து, இல்லாத பிரேக்கைத் தொட்டு, “வலது பூட்டியாச்சு, இடது பூட்டியாச்சு, கால்தட்டு மேலே” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினார். சொல்ல மறந்த நாளில் மகள் எழும்ப மறுத்தாள்.